ஒன்பது சுவீடன் தோட்டாக்களும் என் கல்யாணமும்

பித்தளையைக் கண்டால் துலக்காமல் இருக்க முடியாத கை என்னுடையது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கையால்தான் நாற்பதாம் ஆண்டு, ஐரோப்பாவில் சண்டை தொடங்கியிருந்த நேரம், ஒரு நல்ல மனிதரை நெஞ்சு வெடித்துச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனேன். ஆயுதம், ஓர் உருண்டை பழப்புளி.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. களுதாவளையில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். ஒல்லியான உடம்பு, ஒரே ஒரு கோட்டு, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம். இவற்றில் எதைக் கண்டு மயங்கினாரோ, ஓய்வுபெற்ற அப்போதிக்கரி சின்னத்தம்பியர் தன் மகள் நேசம்மாவுக்கு என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். (அப்போதிக்கரி என்றால் அரசாங்க மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுப்பவர். எங்கள் ஊருக்கு அவர்தான் டாக்டர்.) நேசம்மாவைப் பிள்ளையார் கோயிலில் மூன்று தரம் பார்த்திருந்தேன். மூன்றாம் தரம் அவளும் பார்த்தாள். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவது. காலம் முழுவதும் வீட்டுக்குள் இருக்கப்போகிற ஆள் என்பதால், பெண்வீட்டார் அவனை மோந்து பார்க்காத குறையாக ஆராய்வார்கள். என்னை ஆராய இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்போதிக்கரியார். மற்றவர் நேசம்மாவின் தாய்மாமன், கணபதிப் போடியார். போடியார் என்றால் பெரிய வயற்காரர். வெல்லாவெளிப் பக்கம் ஒரு வட்டை, அதாவது ஒரு வயல்வெளி முழுக்க அவருடையது. தாய்மாமன் சம்மதிக்காமல் தாலி ஏறாது. அவருக்கோ வாத்திமாரைக் கண்ணில் காட்டக் கூடாது. வயலில் இறங்கி நிற்கிற மாப்பிள்ளைதான் வேண்டுமாம்.

மைத்துனர்கள் இருவருக்கும் எல்லா விஷயத்திலும் பிணக்கு. பெரிய பிணக்கு துவக்கு விஷயத்தில். போடியாரிடம் இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. அது வெடித்தால் மூன்று ஊர் நாய்கள் குரைக்கும். அப்போதிக்கரியாரிடம் இருந்தது, ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடம் வாங்கிய சுவீடன் நாட்டு ரைபிள். அவர் ரைபிளையே பெரிதாக மதித்தாரென்று சொல்ல முடியாது. அவருடைய உயிர் அதன் தோட்டாவில் இருந்தது. ஆறரை மில்லிமீட்டர் குண்டு, அதைத் தாங்க ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் பித்தளைக் கோது. இந்த இரண்டு எண்களையும் அவர் சொல்லும்போது சாமி பெயர் சொல்வதுபோல் குரல் தாழும்.

இந்த வழிபாட்டில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த காசிம் நானா. ஞாயிறு தோறும் வந்துவிடுவார். தோட்டாக்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துவிட்டு இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். பெண் பார்க்க அடிக்கடி போவது மரியாதை இல்லை, தோட்டா பார்க்க எத்தனை தரமும் போகலாம் என்பதால் நானும் போய் உட்காருவேன்.

"பாருங்க தம்பி, குண்டு எவ்வளவு மெலிவு, எவ்வளவு நீளம்!" என்பார் காசிம் நானா. "காத்துக்கே தெரியாமப் போகும்."

"தோள்ல உதைக்கவே உதைக்காது," என்பார் அப்போதிக்கரியார். "பச்சப்புள்ளயும் வெடி வைக்கலாம். ஆனா போனதெண்டா, மறுகா நிக்காது. ஒண்டுக்குப் பின்னால ஒண்டா எத்தினய வச்சாலும் துளைச்சிக்கிட்டுப் போகும். சுவீடன்ல எருமையளவு மான் இரிக்கு. அத இதாலதான் விழுத்துறாங்க."

ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டு வந்த போடியார், "எருமையளவு மானா? அப்ப அந்த ஊர் எருமை எவ்வளவுகா?" என்றார். இரண்டு பேரும் தோட்டாக்களைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தார்கள்.

ஐரோப்பாவில் சண்டை வந்ததும் கப்பல் குறைந்தது. கொழும்புக் கடைக்கு எழுதிக் கேட்டதற்கு, இனி சுவீடன் தோட்டாவை எதிர்பார்க்க வேண்டாம் என்று பதில் வந்தது. கைவசம் இருந்தவை ஒன்பது. அன்றிலிருந்து அவர்கள் வெடி வைப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பதோடு திருப்திப்பட்டார்கள்.

தை மாதம் அறுவடை முடிந்து, புது அரிசிச் சோறு சமைக்கும் புதிர் விருந்துக்குப் போடியார் எல்லோரையும் வயலுக்கு அழைத்தார். அழைக்க வந்த இடத்திலும் சண்டை மூண்டது. வாய் முற்றி, போடியார் இடுப்புச் சால்வையை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"வயல்ல ஒரு பாலைமரக் குற்றி கிடக்கு. உன்ட பென்சில் தோட்டா அதத் துளைச்சிக் காட்டட்டும். காட்டினா தோட்டா வெண்டது. தோட்டா வெண்டா, இந்த வாத்தியே புள்ளயக் கட்டட்டும், நான் வாய் திறக்கன். துளைக்காட்டி, நான் சொல்லுற மாப்பிள்ளதான்."

"ஓம்!" என்றார் அப்போதிக்கரியார், ஒரு கணமும் யோசிக்காமல். என் வாழ்க்கை இப்படித்தான் ஒரு மரக்குற்றியில் போய்த் தொங்கியது. நான் பயப்படவில்லை. எனக்கு அந்தத் தோட்டாவில் அவ்வளவு நம்பிக்கை.

விருந்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்போதிக்கரியார் ஒரு சிறிய பொட்டலத்தை என் கையில் வைத்தார். "வீட்டுக் கூரை பிரிச்சிக் கிடக்கு. ஆக்கள் ஏறுறாங்க, இறங்குறாங்க. விருந்து வருமட்டும் இது உங்கட பெட்டிக்குள்ள இரிக்கட்டும் மருமகன்."

மருமகன் என்று அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தரம். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து பொட்டலத்தை அவிழ்த்தேன். ஒன்பது தோட்டாக்களின் பித்தளைக் கோதிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதே நேரம் கிணற்றடியில் அக்கா கோயில் விளக்குகளைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். (என்னைத் தடுக்க அந்த இடத்தில் ஒரு புத்திசாலி இருந்திருக்கலாம். இருந்தது நானும் அக்காவும்.)

"இதென்னடா, திரிக்குழாயா?" என்று கேட்டாள் அக்கா.

"ஓம், அப்பிடி ஒரு சாமான்தான். நல்லா ஊறணும்."

"ஊறட்டும். நாளைக்கு எடு. அப்பதான் மூலை முடுக்கில உள்ளதெல்லாம் கழண்டு வரும்."

ஒரு முழுநாள் ஊறவிட்டேன். பிறகு சாம்பலும் தும்பும் வைத்துத் தேய்த்தேன். சுடுநீரில் அலசினேன். வெயிலில் சுளகு வைத்துக் காயப்போட்டேன். கோதின் பின்பக்கத்திலுள்ள வட்டத்தில் கொஞ்சம் அழுக்கு தங்கியிருந்தது. அதை ஈர்க்கால் கிண்டிக் கிண்டி எடுத்தேன். அடிக்கிற ஊசி அந்த இடத்தில்தான் விழும் என்பதோ, நெருப்பு அங்கேதான் பிறக்கும் என்பதோ எனக்குத் தெரியாது. அதைத்தவிர எல்லாம் தெரியும்.

விருந்தன்று வாவியைத் தோணியில் கடந்து, படுவான்கரையில் ஏறி, வண்டிலில் வயலுக்குப் போனோம். அங்கே முப்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். பெண்கள் அடுப்படியில் நின்றார்கள். நேசம்மாவும் நின்றாள். குற்றியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. அப்பால் மாடு அவிழ்த்த வண்டில் ஒன்றில், விருந்துக்கு வந்த எருமைத் தயிர்ச் சட்டிகள் வரிசையாக இருந்தன.

பொட்டலத்தைக் கொடுத்தேன். துணியை விரித்த அப்போதிக்கரியார் திகைத்துப்போனார். ஒன்பதும் தாலிப் பவுன்போல் மின்னின.

"மாஷா அல்லாஹ்! என்ன செஞ்சீங்க தம்பி?" என்றார் காசிம் நானா.

"சும்மா, கொஞ்சம் துடைச்சன்," என்றேன். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தும் கொண்டேன்.

அப்போதிக்கரியார் முழந்தாளிட்டுக் குறிபார்த்தார். டிக். அவ்வளவுதான். அவர் அசையாமல் அப்படியே இருந்து, முப்பதுவரை எண்ணிவிட்டுத் தோட்டாவை வெளியே எடுத்தார். இரண்டாவதைப் போட்டார். டிக். மறுபடியும் முப்பது எண்ணினார். அவருடைய பிடரியில் வேர்வை இறங்கியது.

"உதைக்காதெண்டு சொன்ன," என்றார் போடியார். "வெடிக்கவும் மாட்டாதெண்டு சொல்லல்லயே."

முப்பது பேரும் சிரித்தார்கள். அப்போதிக்கரியார் முகம் கறுத்து, ரைபிளை என்னிடம் நீட்டினார். "இண்டைக்கு என்ட கையில ராசி இல்ல. உங்கட காரியம்தானே மருமகன், நீங்களே வெடி வையுங்க."

நான் அதுவரை துவக்கைத் தொட்டதில்லை. அதைச் சொல்ல அடுப்படியில் நின்ற இரண்டு கண்கள் விடவில்லை. வாங்கினேன். குற்றியைப் பார்த்து இழுத்தேன். டிக். இவ்வளவுதானா என்று ரைபிளைத் தாழ்த்தி, என்ன பிழை என்று பார்க்க ஒரு பக்கம் கிறுகித் திரும்பினேன். முப்பது எண்ணுவதை இரண்டு தரம் பார்த்திருந்தும் எனக்கு அதன் அர்த்தம் உறைக்கவில்லை. நான் ஒன்றுகூட எண்ணி முடிக்கவில்லை.

அது வெடித்தது.

என் கையில் இருந்த சாமான் வெடித்தது என்பதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். காதுக்குள் இரைச்சல். எதிரே வண்டிலில் இருந்து வெள்ளையாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. முப்பது பேரில் ஒருவர் வாயும் மூடவில்லை. அந்தப் பக்கம் ஆள் யாரும் நிற்காதது பிள்ளையார் புண்ணியம். ஊசி அடித்த பிறகும் சில தோட்டா பிந்தி வெடிக்குமாம், அப்போதிக்கரியார் முப்பது எண்ணியது அதற்குத்தான்.

முதலில் அசைந்தவர்கள் அப்போதிக்கரியாரும் காசிம் நானாவும். என்னைத் தூக்கத்தான் ஓடிவருகிறார்கள் என்று கையை நீட்டினேன். என்னைத் தாண்டி வண்டிலுக்கு ஓடினார்கள்.

"ஒண்டு, ரெண்டு, மூணு..." காசிம் நானாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "ஏழு! ஏழு சட்டி! உள்ளால போய் வெளியால வந்திரிக்கு!"

"எட்டாவது?"

எட்டாவது சட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார் அப்போதிக்கரியார். தயிர் சொட்டச் சொட்டக் குண்டை வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்து, வெயிலில் பிடித்தார். "இதுக்குள்ளதான் நிண்டிரிக்கு. துளியும் நெளியல்ல!" அவர் கண்களில் நீர். திரும்பி வரும்போதுதான் தரையில் இருந்த என்னைக் கண்டார். "உதைக்காத தோட்டா மருமகன் இது. நீங்க ஏன் விழுந்தீங்க?"

இதற்கிடையில் வெடிக்காத ஒரு தோட்டாவைக் காசிம் நானா மூக்கில் வைத்தார். மறுபடியும் வைத்தார். "அப்போதிக்கரியார், இதுல புளி மணக்குது."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புளி, சாம்பல், சுடுநீர், ஈர்க்கு. சொல்லச் சொல்ல அப்போதிக்கரியார் அப்படியே குற்றியில் குந்திவிட்டார்.

"எல்லாத்தையுமா?"

"ஒன்பதையும்."

"முப்பது வருஷம் மருந்து கலந்தவன் நான்," என்றார் மெதுவாக. "தோட்டாவுக்குக் கஷாயம் வச்ச ஆள இப்பதான் காணுறன்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மிஞ்சிய எட்டுப் பளபளப்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

போடியார் முன்னால் வந்தார். "குற்றி துளைபடல்ல. பேச்சுப்படி, இந்தக் கல்யாணம் இல்ல."

அடுப்படியில் ஒரு அகப்பை விழுந்தது.

"மச்சான்," என்றார் அப்போதிக்கரியார், தலை தூக்காமல். "ஏழு சட்டி துளைபட்டிரிக்கு."

"சட்டியப் பத்தியா பேசின நாம? குற்றியப் பத்திப் பேசினம்."

"முக்கால்வாசி நனைஞ்ச மருந்து. அதுல ஏழு சட்டி. நல்ல மருந்தெண்டா உன்ட குற்றி என்னத்துக்கு ஆகும்? உன்ட இரட்டைக்குழலால ரெண்டு சட்டி தாண்டிக் காட்டு பாப்பம்!"

"அப்ப தோட்டா வெண்டதெண்டு சொல்லுறியா?"

"ஓம்!"

"நல்லா யோசி," என்றார் போடியார். "தோட்டா வெண்டா, இவன் உன்ட மருமகன். சாகுமட்டும் உன்ட வீட்டுக்குள்ளதான் இரிப்பான். உன்ட சாமானெல்லாம் இவன்ட கைக்கெட்டுற இடத்தில இரிக்கும்."

அப்போதிக்கரியார் என்னைப் பார்த்தார். செத்துப்போன எட்டுத் தோட்டாக்களைப் பார்த்தார். கையில் இருந்த, துளியும் நெளியாத குண்டைப் பார்த்தார். ஒரு மனிதன் தன் மகளின் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு நேரம் யோசித்ததை நான் கண்டதில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"தோட்டா வெண்டதுதான்."

போடியாருக்கு முதலில் வாய்தான் திறந்தது, பிறகுதான் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, கட்டிவைப்பம். ஏழு சட்டியத் தாண்டினவன நிப்பாட்ட எட்டாவது சட்டி ஒண்டு வேணும். அது எங்கட நேசம்மாதான்!"

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் தயிர் வைக்கவில்லை. சபையில் நூறு பேருக்கு முன்னால் போடியார் மணப்பெண்ணை "எட்டாவது சட்டி" என்று கூப்பிட, புதுப்பெண் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அந்தப் பெயர் போகவில்லை. அக்காவின் பிள்ளைகள் சொன்னார்கள், எங்கள் பிள்ளைகள் சொன்னார்கள், இப்போது பேரப்பிள்ளைகள் முறை. கோபம் வடிந்து எத்தனையோ காலம். இன்று புதுச் சம்பந்திகள் வந்தால் அவளே காரணத்தோடு சொல்கிறாள், கொஞ்சம் பெருமையாகவும்.

போன கிழமை ரேடியோ கரகரத்தது. நான் அதைத் திருத்தலாமென்று ஓர் ஆணியைக் கழற்றியிருப்பேன், பேரன் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான். "எட்டாவது சட்டி! ஓடி வாங்க!"

ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். எனக்கும் ரேடியோவுக்கும் நடுவில் நின்றாள். நானும் நின்றுவிட்டேன்.