பதினொன்று பத்துக்குத் தொட வேண்டிய பாஸ்

பெருநகரத்து ரயில் நிலையத்தில், டிக்கெட் இயந்திரத்துக்கு மூன்றடி தள்ளி நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சுவரில் ஒட்டியிருக்கும் கட்டண அட்டவணையை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்து, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டுக்கொண்டே இருக்கும் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் பாஸ் பண்டிதர். எல்லா ஊரிலும் இந்த இனம் உண்டு. ஆனால் வெளியூர் போய் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் அது முழு உருவத்தோடு வெளிப்படும்.

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் நடந்தே போய்விடுவார்; விஷயம் முடிந்தது. பண்டிதருக்குப் பணம் பெரிதே அல்ல. அதே பெட்டியில், அதே இருக்கையில், தன்னைவிடக் குறைந்த விலைக்கு இன்னொருவர் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற நினைப்புத்தான் அவருக்குத் தொண்டையில் முள்.

நல்ல மாதிரி ஒருவரைக் காட்டுகிறேன். சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். இருபத்திரண்டு வருடங்களாகக் காலாவதித் தேதிகளோடு குடும்பம் நடத்துகிறவர். மனைவியோடு ஒரே ஒரு நாள் தங்குவதற்காகப் பெருநகரத்துக்கு வந்தார். வந்த காரணமும் ஒன்றே ஒன்றுதான். மனைவியின் அக்கா அங்கே விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். அக்காவும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசி ஆறு வருடம் ஆகிறது. அன்று அக்காவுக்கு இரண்டு மணிக்கு வேலை. மறுநாள் விடியற்காலையிலேயே வேலை. ஆகவே ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து பகல் இரண்டு மணிவரை கிடைப்பதுதான் சகோதரிகளின் சொத்து.

ரயில் பத்து மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. அக்கா வீட்டுக்கு நேர் ரயில் உண்டு. முக்கால் மணி நேரப் பயணம். குழந்தைகூடப் போய்ச் சேரும்.

பண்டிதர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். ஒருவர் பாஸ், இருவர் பாஸ், ஒருநாள், மூன்றுநாள், நகர நடுவிலிருந்து தூரத்துக்குத் தக்கபடி பிரித்த கட்டண வட்டங்களில் இரண்டாம் வட்டம்வரை, மூன்றாம் வட்டம்வரை என்று அதில் பதினாறு கட்டங்கள். மூன்று வாரத்து உழைப்பு.

"இருவர் பாஸ், இருபத்து நாலு மணி நேரம், ரெண்டாம் வட்டம். இதுதான் நமக்கு. அஞ்சாவது பயணத்துல இருந்து லாபம்."

"அக்கா வீடு மூணாம் வட்டத்துல இருக்குங்க."

"ஒரே ஒரு இடத்துக்காக மூணாம் வட்டம் வாங்குவாங்களா?"

அந்த ஒரே ஒரு இடத்துக்காகத்தான் ஊரிலிருந்தே கிளம்பினார்கள் என்பது கட்டங்களில் எங்கும் இல்லை.

"எல்லையில இறங்கி நடந்துடலாம். ரெண்டரை கிலோமீட்டர்தான்" என்று தாளை மடித்தவர், நுழைவுக் கதவுப் பக்கம் போகாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"என்ன உட்காந்துட்டீங்க?"

"இப்பத் தொடக் கூடாது. கதவுல பாஸைத் தொட்ட நிமிஷத்துல இருந்துதான் அதுக்கு ஆயுசு. நாளைக்கு நம்ம ரயிலுக்கு லாட்ஜுல இருந்து பதினோரு மணிக்குக் கிளம்பறோம். இப்பத் தொட்டா நாளைக்குப் பத்தேகாலுக்கே செத்துப்போயிடும். பதினொண்ணு பத்துக்குத் தொடறோம்."

"ஒரு மணி நேரம் இங்கயே குந்தியிருக்கணுமா? நாளைக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுத்தா குடியா முழுகிடும்?"

அரை மாத்திரை கேட்கும் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். "பாஸ் வாங்கினவன் டிக்கெட்டும் வாங்கினா, அவனுக்குப் பேர் என்ன தெரியுமா?"

"வீடு போய்ச் சேர்ந்தவன்."

இப்படிச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் என்ன செய்தாள் என்கிறீர்கள்? நேரே கவுன்ட்டருக்குப் போனாள். எந்தப் பாஸ் நல்லது என்று கேட்கவில்லை. அக்கா வீட்டு நிலையத்தின் பேரைச் சொன்னாள், ஒரு டிக்கெட் கேட்டாள், கொடுத்தார்கள். இருபது விநாடி.

"நீங்க உங்க நல்ல நேரம் பாத்து வாங்க" என்றாள். கதவு திறந்தது. போய்விட்டாள்.

பண்டிதருக்கு மனைவி தனியாகப் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. இருவர் பாஸ் என்பது இருவரும் சேர்ந்து தொட்டால்தான் செல்லும். ஆகவே தாளில் பாதிக் கட்டங்கள் ஒரே அடியில் அடிபட்டுப் போயின. பேனாவை எடுத்து ஒருவர் பாஸ் வரிசையை மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார்; அதற்கும் ஐந்தாவது பயணத்திலிருந்துதான் லாபம் என்று கண்டு ஒன்று வாங்கினார். பதினொன்று பத்துக்குத் தொட்டார். பாதி வழியில் இறங்கி, வெளியே வந்து, பஸ் பிடித்தார். ஏன்? ஒரே ரயிலில் போனால் அது ஒரு பயணம். உடைத்துப் போனால் இரண்டு. எல்லையில் இறங்கி, மேட்டுச் சாலையில் மூச்சிரைக்க ஏறி, ஒன்று இருபதுக்கு அக்கா வீட்டு மணியை அடித்தார்.

உள்ளே சாப்பாடு முடிந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசிச் சிரித்துக் கொஞ்சம் அழுதும் முடித்த முகங்கள் இரண்டு அவரைத் திரும்பிப் பார்த்தன.

"வாங்க மாப்பிள்ளை. பாஸ் சௌக்கியமா?" என்றாள் அக்கா.

"ரெண்டு பயணம் ஆச்சு அண்ணி" என்றார் அவர், கேலி என்று தெரியாமலே. தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆறிய சோற்றை அவர் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா சீருடை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். பஸ் வந்தது. அக்கா ஏறினாள். பின்னாலேயே தங்கையும் ஏறினாள்.

"நீ எங்க போற?"

"அக்கா வேலை செய்யற இடத்து வாசல்வரைக்கும். இன்னும் இருபது நிமிஷம் பேசலாம்ல?"

"நீங்க ஏறலையா சார்?" என்று கேட்டார் கண்டக்டர்.

பண்டிதர் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு படியைப் பார்த்தார். அது மூன்றாம் வட்டத்துப் படி. "எனக்கு இங்க செல்லாது" என்றார்.

"டிக்கெட் தர்றேன், ஏறுங்க."

அவர் ஒரு படி பின்னால் நகர்ந்தார். ஜன்னல் ஓரத்தில் இரண்டு தலைகள் ஒன்றையொன்று சாய்ந்துகொண்டு போவது தெரிந்தது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எல்லைவரை நடந்து, பஸ் பிடித்து, லாட்ஜுக்குப் போனார். அது மூன்று. மறுநாள் நிலையத்துக்குப் போவது நான்கு. லாபம் தொடங்கும் ஐந்துக்கு ஒன்று குறைகிறது. ஆகவே மாலையில், எந்த வேலையும் இல்லாமல், யாரையும் தெரியாத ஒரு பணிமனைவரை தனியாக பஸ்ஸில் போய், இறங்கி, அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

சிரிக்கிறீர்கள். நல்லது. எல்லையிலிருந்து லாட்ஜுக்கு வரும்போதே நடுவில் இறங்கி மாறியிருந்தால் பணிமனைக்கே போயிருக்க வேண்டாமே என்று உங்களுக்கும் தோன்றியிருக்குமே? வேறொன்றுமில்லை, அடுத்த முறை வெளியூர் போகும்போது, உங்கள் வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ தனி டிக்கெட் எடுக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், பயணங்களை எண்ணி மடக்கி வைத்திருக்கும் அந்த விரல்களைக் கொஞ்சம் நீட்டுங்கள்.