பொறுமைக்கைக்கு ஒரு குறை வேண்டும்

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வாயிலும் மாமியார் கையெழுத்திலும் வரும் கடிதம். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும், எங்கள் மகளும், ஆய்வுக்கூடத்தில் நீங்கள் தட்டுத் தட்டாக வளர்த்துவரும் தோல்களும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை காதில் விழுந்தது என் மண்டையை விட்டு வெளியே போகாது என்பதும் தெரியும். போனில் சொன்னால் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் இருந்தால் நழுவ முடியாது என்றுதான் கடிதம். இன்றைக்கு எனக்கு ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிட்டது, அதனால் முதலிலிருந்து சொல்ல அவகாசம் இருக்கிறது. உங்கள் அத்தை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எழுதுகிறாள். கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை பேட்டண்ட் ஆபீசில் என் மனுவுக்கு விசாரணை. நீங்கள் நேரில் வந்து, அதிகாரி முன்னால் நின்று, என் கண்டுபிடிப்பில் குறை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பதறாதீர்கள். எனக்குப் புத்தி பிசகவில்லை. (பிசகவில்லை என்று அவர் சொல்கிறார். நான் எழுதுகிறேன். - அத்தை.)

உங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறீர்களே, அந்தப் பேட்டண்ட் பத்திரம், அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. "என்ன மாப்பிள்ளை, வீட்டுப் பத்திரத்தைப் போய் சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "இது வீட்டுக்கு இல்ல மாமா, யோசனைக்குப் பத்திரம். தோல் வளர்க்கறதுக்கு நாங்க ஒரு புது வழி கண்டுபிடிச்சோம்" என்றீர்கள். செருப்புக்கா பைக்கா என்று நான் கேட்டதும், என் மகள் சமையலறையில் ஓடி ஒளிந்துகொண்டு சிரித்ததும், நீங்கள் மட்டும் சிரிக்காமல் "மனுஷனுக்கு மாமா" என்றதும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. அன்றைக்கு நான் உள்ளுக்குள் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் காற்றில் எங்கள் குளியலறைக் கதவு அறைந்து சாத்தி, உங்கள் அத்தையின் வலது ஆள்காட்டி விரல் நுனி நசுங்கி, ஆஸ்பத்திரியில் நீங்கள் வளர்த்த தோலை வெங்காயச் சருகு மாதிரி எடுத்து அதன்மேல் ஒட்டினார்கள். இப்போது இந்த வரியை எழுதுவது அதே விரல்தான். (நகம் கொஞ்சம் கோணல். மற்றபடி குறையில்லை. - அத்தை.) அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "விரலை நீங்க பாத்துக்கிட்டீங்க மாப்பிள்ளை. கதவை நான் பாத்துக்கறேன்." நீங்கள் ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் அப்போதே மனசுக்குள் திருகாணி தேட ஆரம்பித்துவிட்டேன்.

வாழ்நாள் முழுக்க லாரிப் பட்டறையில் ஜாக்கி பழுது பார்த்தவன் நான். எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. அவசரப்படுத்தினால் எதிர்த்து நிற்கும், விட்டுப் பிடித்தால் வழிவிடும். (இது எண்ணெய்க்கு மட்டும் உள்ள குணம் இல்லை. - அத்தை.) ஒரு பழைய ஜாக்கியின் உருளையை எடுத்து, உள்ளே எண்ணெய் விட்டு, எண்ணெய் நகரும் துளைக்கு ஒரு திருகு வைத்து, கதவின் தலையில் கை மாதிரி பொருத்தினேன். முதல் கை ரொம்ப நிதானம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் குளியலறைக்கு வந்தார். கதவு மூடுகிறது, மூடுகிறது, மூடிக்கொண்டே இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது கைக்கு ஒரு புது அறிவு கொடுத்தேன்: இடையில் ஏதாவது தட்டுப்பட்டால் நிற்க வேண்டும், கொஞ்சம் பின்னால் போக வேண்டும், வழி கிடைத்த பிறகுதான் மூட வேண்டும். அதுவோ துண்டு தட்டினாலும் பின்வாங்கியது, காற்று பட்டாலும் பின்வாங்கியது. "இந்தக் கதவு உங்களை விடப் பயந்தாங்கொள்ளியா இருக்கே" என்றாள் உங்கள் அத்தை. மூன்றாவது கையில்தான் பதம் வந்தது. விரலுக்குப் பதில் காரட்டை வைத்து வைத்துப் பார்த்தேன். நசுங்கிய காரட்டாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டில் ஒருநாள் முழுக் காரட் சாப்பாட்டுக்கு வந்தது. பிறகு என் சொந்த விரலை வைத்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவள் மூடவில்லை. கதவு வந்தது, தொட்டது, நின்றது, பின்னால் போனது. நான் அதற்குப் பொறுமைக்கை என்று பெயர் வைத்தேன். "உங்களுக்கு இல்லாததை எல்லாம் கதவுக்குக் குடுத்துட்டீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று எனக்குத் தெரியும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். தையல்காரர் வந்து பார்த்தார், தன் கடைக் கதவுக்கு ஒன்று வேண்டும் என்றார், செய்து கொடுத்தேன். அவர் பல் டாக்டரிடம் சொன்னார், அவருக்கும் ஒன்று. மாடியிலிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு நானே வலியப் போய் மாட்டினேன். உங்கள் ஆய்வுக்கூடத்தில் தோல் வளர்க்கும் அறைக் கதவு அறைந்து சாத்தும்போதெல்லாம் தட்டுகள் அதிருகின்றன என்று மகள் சொன்னாள், அங்கேயும் வந்து மாட்டினேன். கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் அறையும் கதவே இல்லை. கோபித்துக்கொண்டு வெளியே போகிறவர்களுக்குத்தான் கஷ்டம், எவ்வளவு வேகமாகத் தள்ளிவிட்டுப் போனாலும் கதவு அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் மூடும். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். இவ்வளவும் ஆன பிறகுதான் எனக்கு உங்கள் கூடத்துச் சுவர் ஞாபகம் வந்து, வக்கீலம்மாவைத் தேடிப் போனேன்.

அவர் முதல் கேள்வியே, "கதவை மெதுவா மூடுற சாமான் கடையிலயே கிடைக்குதேங்க ஐயா?" என்பதுதான். "கிடைக்கும்மா. அது விரலையும் மெதுவாதாம்மா நசுக்கும்" என்றேன். அந்த அம்மா உடனே நிமிர்ந்து உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்துவிட்டார். அடுத்து, "யாருக்காவது வித்தீங்களா?" என்று கேட்டார். "ஒருத்தருக்கும் விக்கல" என்றேன். உண்மைதானே மாப்பிள்ளை? எல்லாம் சும்மா கொடுத்தது. சும்மா கொடுத்தாலும் ஊர் பார்த்துவிட்டால் போச்சு, ஊருக்குத் தெரிந்த யோசனைக்குப் பத்திரம் கிடையாது என்று நீங்களாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், நான் மனு போட்டதையே உங்களிடம் மறைத்தேனே. பத்திரத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து உங்கள் பத்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டி உங்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை.

மனு போன பிறகு ஒரு பெரிய கதவுச்சாமான் கம்பெனி ஆட்சேபம் போட்டது. இந்தச் சாமான் ஏற்கெனவே ஊரறிந்தது, அத்தாட்சி இதோ என்று பத்திரிகையில் வந்த படத்தை இணைத்திருந்தது. வக்கீலம்மா அதை என் முன்னால் வைத்தார். தையல் கடை வாசல், கதவு, கதவின் தலையில் பொறுமைக்கை, பக்கத்தில் எண்ணெய்க் குப்பியும் கையுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். "இவர் யாருன்னு தெரியுமாங்க?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல உலகத்தில் ஒருத்தன் கிடைத்தான், அவனும் நானேதான்.

வக்கீலம்மா விடவில்லை. "ஒரே ஒரு வழி இருக்குங்க ஐயா. அந்தக் கதவுல எல்லாம் இருந்தது முடிஞ்ச பொருள் இல்ல, சோதனையில இருந்த பொருள், குறை இருக்கான்னு பாக்கத்தான் மாட்டினீங்கன்னு காட்டணும். பயன்படுத்தினவங்க யாராவது வந்து, ஆமா, இன்ன குறை இருந்துச்சுன்னு சொன்னா வாய்ப்பு இருக்கு" என்றார். அன்று முதல் நான் தெருவில் படும் பாடு இதுதான் மாப்பிள்ளை: என்னைப் பற்றிக் குறை சொல்லுங்கள், குறை சொல்லுங்கள் என்று வாசல் வாசலாகக் கேட்டு நிற்கிறேன். தையல்காரரிடம் போனேன். "கதவு கிறீச்சுன்னு கத்துதுன்னாவது சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "என்ன அண்ணே இப்படிச் சொல்றீங்க? தாலாட்டுப் பாடற மாதிரி மூடுது. அதைப் பத்தித் தப்பாப் பேசினா ஊசி பிடிக்கிற என் கை விளங்குமா?" என்று எனக்கே புத்தி சொல்லி அனுப்பினார். பல் டாக்டர், "கதவு சத்தம் கேட்டே பயந்து ஓடின நோயாளி எல்லாம் இப்ப திரும்பி வர்றாங்க பெரியவரே" என்று என்னை நாற்காலியில் சாய்த்து, வந்ததுதான் வந்தீர்கள் என்று ஒரு பல்லையும் பார்த்துவிட்டார். கடைசி நம்பிக்கை வீட்டுக்காரம்மா. நான் இருமினால் சுவர் விரிகிறது என்று சொல்லும் மகராசி அவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடி ஏறினேன். "உக்காருங்க" என்றார். அந்த வீட்டில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன். இத்தனை நாள்ல இந்த வீட்டுக்கு உங்களால நடந்த ஒரே நல்ல காரியம் அந்தக் கதவுதான்." இறங்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்திலா வயிற்றெரிச்சலிலா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் காகிதத்தைக் கொடுத்தேன். "நீ எழுது. குறை சொல்ல உனக்கா தெரியாது? என் குறட்டை, என் நடை, என் சட்டையில இருக்கிற எண்ணெய்க் கறை, எதை விட்ட?" என்றேன். பேனாவை எடுத்து உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்தாள். பிறகு அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, "இதுல மட்டும் வரலைங்க" என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள். (ஆமாம். - அத்தை.)

இனி நீங்கள்தான் மாப்பிள்ளை. உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. திருகுகளை இறுக்கி முடிக்கும்போது தலையில் உள்ள கோடு நேராக நிற்கும்படி விடுவது என் பழக்கம். போன தடவை உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது பொறுமைக்கையின் திருகுகள் எல்லாம் குறுக்காக நின்றன. கதவுக் கைப்பிடியில் கயிறு உராய்ந்த தடம் இருந்தது. நீங்கள் "அருமையா வேலை செய்யுது மாமா" என்றீர்கள், நான் தலையாட்டிவிட்டு வந்தேன். மகளைப் பிடித்து உலுக்கியதில் உண்மை வந்தது. அந்த அறையின் வெப்பத்துக்கு வாஷர் இளகி, எண்ணெய் சொட்டி, ஒரு தட்டுத் தோல் முழுக்க வீணாகி, நீங்கள் பொறுமைக்கையைக் கழற்றிவிட்டுக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறீர்கள். நான் வருகிறேன் என்று தெரிந்தால் மட்டும் திரும்ப எடுத்து மாட்டுகிறீர்கள். இந்த மரியாதைக்கு நான் உங்களுக்கு என்ன செய்யப்போகிறேன்? அதையெல்லாம் வியாழக்கிழமை அதிகாரி முன்னால் கொட்டிவிடுங்கள். வாஷர் இளகியது, எண்ணெய் சொட்டியது, பிறகு நான் வேறு வாஷருக்கு மாறினேன், அப்படியானால் அதுவரை சோதனைதானே? அங்கே "மாமா" என்று கூப்பிடாதீர்கள், "இந்த ஆள்" என்றே சொல்லுங்கள். என் காது தாங்கும். கல்யாண நாள் முதல் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

நான் இதை விடுவதாக இல்லை. பத்திரம் கைவிட்டுப் போனால் அந்தக் கம்பெனிக்காரன் என் யோசனையை எடுத்துக்கொண்டு, செலவு மிச்சம் என்று ஒரு மட்ட வாஷரைப் போட்டு வீட்டுக்கு வீடு மாட்டுவான். நம்பி விரலை வைப்பார்கள். என் பெயர் அதில் இருந்தால்தான் "டேய், வாஷரைத் தொடாதே" என்று அதட்ட எனக்கு அதிகாரம். சுவரில் மாட்டும் ஆசை எல்லாம் அதற்குப் பிறகுதான். (அந்த ஆசையும் அப்படியே இருக்கிறது. ஆணி கூட வாங்கியாகிவிட்டது. - அத்தை.)

என் மகளுக்கு என் ஆசிகள். உங்கள் ஆயுளும், அறிவும், தட்டில் இருக்கும் தோல்களும் பெருகட்டும். அத்தையும் ஆசி சொல்கிறாள். கைநாட்டுப் பிறகு வைக்கிறேன், இப்போது கை ஈரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
வியாழக்கிழமை உங்கள் வசவை எதிர்பார்த்திருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: இது அத்தை நானாக எழுதுவது. அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் வெளியே வர வேண்டும். காலையில் குளிக்கப் போன மனிதர், விசாரணைக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் அழகாக மூடட்டுமே என்று உள்ளே நின்றபடி அந்தத் திருகை ஒரு திருப்புத் திருப்பினார். மூடிக்கொண்டது, திருகும் இறுகிவிட்டது, திறக்கவில்லை. இந்தக் கடிதம் முழுக்கக் குளியலறைக்குள்ளிருந்து வந்ததுதான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். கதவடி வழியாக பிஸ்கட் தள்ளியிருக்கிறேன். "தையல்காரரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். "கூப்பிடாதே! தெருவுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்!" என்கிறார். "இதுக்குத்தானேங்க வீடு வீடா அலைஞ்சீங்க?" என்றேன். உள்ளே பிஸ்கட் கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இது குறை இல்ல. சோதனை" என்று வந்தது. அதைத்தானே வக்கீலம்மாவும் கேட்டார்? ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் அதிகாரி முன்னால் மாமாவைத் திட்டவும் வேண்டாம், வியாழக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன், பார்த்தவுடன் ஸ்பானரோடு புறப்பட்டு வாருங்கள். வழியில் வக்கீலம்மாவையும் ஏற்றிக்கொள்ளுங்கள், சோதனை நடந்துகொண்டிருப்பதை அவரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் அவரிடம் சொல்ல வேண்டும். கதவு மூடும்போது என் கை நிலைச்சட்டத்தில் இருந்தது. தொட்டது, நின்றது, பின்னால் போனது, நான் விரலை எடுத்த பிறகுதான் மூடியது.