பெண்கள் தட்டுத் திருநீறு

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இரண்டு வரிசை நீளும். ஒன்று அருவிக்கு. அங்கே தலை நனையும். இன்னொன்று லாட்ஜ் மாடியில் அருள்பாலிக்கும் ரத்தவாக்குச் சாமியாருக்கு. அங்கே மொட்டையே அடித்துவிடுவார்கள்.

பெற்றவர் நோய் பிள்ளைக்கு வருமா என்று ஊசி குத்தாமலே சொல்வாராம். உள்ளங்கையில் திருநீறு பூசி மஞ்சள் தண்ணீர் விடுவார். சிவந்தால் பரம்பரைச் சாபம். சிவப்பது எப்போதும் பெண்கள் கைதான். சாபத்துக்கும் ஆம்பளை என்றால் பயம் போலிருக்கிறது!

குத்துக்கல்வலசைப் பேச்சியம்மாள் மகள் மஞ்சுவோடு பெண்கள் வரிசையில் நின்றாள். ஆறு வருடமாகப் பேச்சியம்மாளுக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்கிற நரம்பு நோய். கால் மரத்துப்போகும், கண் மங்கும். "சாமி சொல்லட்டும், பொறவு தாம்பூலம் மாத்துவோம்" என்றுவிட்டார் மஞ்சுவுக்குப் பார்த்திருந்த சுரண்டை மாப்பிள்ளையின் அப்பா நல்லக்கண்ணு. ரிட்டயர்டு ஏட்டு. அவரும் முறுக்கிய மீசையோடு ஆண்கள் வரிசையில் நின்றார்.

"என் வயித்துல பொறந்ததுதானட்டி நீ செஞ்ச குத்தம்" என்று பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"பொம்பளைகளுக்குத்தான் கூடுதலா வருது, ஆம்பளைகளுக்கும் வரும். அம்மைக்கு இருந்தா நூறு பிள்ளைகள்ல ரெண்டு மூணுக்கு வரலாம்னு டாக்டர் சொன்னாருல்லாம்மா. மத்த பேருக்கு வராதுல்லா?"

நல்லக்கண்ணு கை மஞ்சளாகவே இருந்தது. மஞ்சு கை சிவந்தது.

"தாய்வழிச் சாபம்!" என்றார் சாமியார். பேச்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மஞ்சுவின் கண் திருநீற்றுத் தட்டுகளில் இருந்தது. ஆண்களுக்கு ஒரு தட்டு, பெண்களுக்கு ஒரு தட்டு.

"மாமா, கையக் கழுவிட்டு இந்தப் பொம்பளைங்க தட்டுல தொடுங்க."

சாமியார் தட்டை இழுத்தார். முப்பது வருட ஏட்டுக்கு அது போதாதா? பிடுங்கித் தானே பூசி, மஞ்சள் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டார். கை செக்கச்செவேல்!

"அது... ஐயா உடம்புல பெண்ணம்சம் ஜாஸ்தி" என்றார் சாமியார்.

மீசை துடித்தது. "ஏலே! யாரப் பாத்துச் சொல்லுத? இது சுண்ணாம்புலே!"

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். வீட்டுக்கு வீடு ஆரத்தி கரைக்கிற பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். மஞ்சுவைத் தவிர ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"தாயி, நாளைக்கே தாம்பூலம் மாத்திருவோம்" என்று குழைந்தார் நல்லக்கண்ணு.

"பொறுங்க மாமா. ஒங்க கையும் செவந்துட்டுல்லா? ஒங்க பரம்பரையையும் நாங்க விசாரிக்கணும்."

பேச்சியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று!

சாமியாரை ஏட்டு கீழே இறக்கியபோதும் வரிசை கலையவில்லை. "அடுத்த சாமி எப்ப வருவாரு?" என்று ஒருவர் கேட்டார். வருவார் ஐயா, வருவார். நீங்கள் யோசிக்காமல் நிற்கிறவரை வந்துகொண்டேதான் இருப்பார்.