ஷிரோனுமாவின் பட்ட மரம் துளிர்த்த விவகாரம்

எங்கள் ஷிரோனுமா ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு சதுப்பு நிலமும், அதன் நடுவே முழங்கால் தண்ணீரில் ஒரு பட்ட மரமும் உண்டு. அது எப்போது பட்டது என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருந்தபோது யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் அதைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து டோக்கியோவில் ஒரு கண்காட்சியில் மாட்டினார். அன்றிலிருந்து பனிமூட்டமான காலைகளில் எங்கள் கரை முழுக்கக் கேமரா ஸ்டாண்டுகள் முளைத்தன.

ஊராட்சி உடனே ‘பட்ட மர மேம்பாட்டுப் பிரிவு’ தொடங்கி, ஊராட்சி ஊழியர் ஷியோசாகியைத் தலைவராக்கியது. விழாக்களில் ஆடுவதற்குச் சாம்பல் நிறப் பஞ்சில் மர வேடம் ஒன்றும் தைத்தார்கள். அதைப் பார்த்துக் குழந்தைகள் அழுதன. ‘மக்கள் மனதை ஆழமாகத் தொட்டது’ என்று அறிக்கை வந்தது.

மே மாதம் மரம் துளிர்த்தது.

முதலில் பார்த்தவர், கரையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் மித்சுயோ அக்கா.

“ஷியோசாகி, உன் பொணம் எழுந்து உக்காந்திருச்சு!”

“மெதுவா பேசுங்கக்கா! மரத்துக்கு உயிர் இருக்குன்னு தெரிஞ்சா பிரிவையே மூடி, என்னைச் சாக்கடைப் பிரிவுக்கு அனுப்பிடுவாங்க. அங்க போன இனாகி இன்னும் கையை மோந்து பாத்துக்கிட்டே இருக்கான்.”

“அப்ப இலையைக் கிள்ளிப் போட்டுடேன்.”

“உயிருள்ள எதையும் தொடக் கூடாதுன்னு பலகை வெச்சதே நான்தானே?”

“அப்ப உயிர் இருக்குன்னு ஒத்துக்கறே!”

“ஒத்துக்கலையே. தொட்டாத்தான் பிரச்சினை, தொடலைன்னா அது இலையே இல்ல.”

அவசரக் கூட்டம் கூடியது. இலை என்பது பச்சை. கறுப்பு வெள்ளையில் பச்சை கிடையாது. ஆகவே இலை கிடையாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. எங்கள் ஊர் வழக்கப்படி, கையெழுத்துக்குப் பதிலாக எல்லோரும் அவரவர் பெயர் முத்திரையை வைத்தார்கள். வழக்கம்போலக் கீழதிகாரிகளின் முத்திரைகள் மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துப் பணிவாகச் சாய்ந்திருந்தன.

அடுத்து, படித்தவர் முத்திரை வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் சுற்றறிக்கை அட்டை வீடு வீடாக வந்தது. ‘மரத்தின் மன அமைதியைக் கருதி, வண்ணங்களைத் தவிர்த்து ஒத்துழைக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.’ உத்தரவென்றால் நாங்கள் சண்டைக்குப் போயிருப்போம். இது வேண்டுகோள். அதிலும் பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே முத்திரை வைத்திருந்தார். ஊரே சாம்பல் நிறத்துக்கு மாறியது.

“அக்கா, நூடுல்ஸ்ல வெங்காயத்தாளையே காணோமே?”

“பச்சையா இருக்கே. ஒத்துழைக்கிறேன்.”

மரம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஜூலையில் புகைப்படப் போட்டிக்கு நடுவர்கள் வந்தபோது அது தளதளவென்று நின்றது. ஷியோசாகி ஓடி வந்தார். பனிமூட்டம் விலகுமுன் எங்களையெல்லாம் கரையில் கூட்டினார்.

“ஒரு மரத்துல இலை இருந்தாலும், சுத்தி நாப்பது பட்ட மரம் நின்னா, சராசரியா பாத்தா பட்டதுதான். தயவுசெஞ்சு எல்லாரும் தண்ணியில எறங்குங்க.”

இறங்கினோம். சாம்பல் உடையில் கைகளைக் கிளைபோல விரித்து நின்றோம்.

“கால்ல அட்டைப்பூச்சி கடிக்குதுப்பா!”

“பட்ட மரம் பேசாதுக்கா.”

பனி விலகியது. கேமராக்கள் சொடுக்கின. தலைமை நடுவர் உருகிப்போய்விட்டார்.

“ஆஹா! நடுவுல ஒண்ணுக்கு மட்டும்தான் உயிர் இருக்கு. சுத்தி நிக்கிறதெல்லாம் பட்டுப்போய் எத்தனை வருஷமாச்சோ! எவ்வளவு காத்தடிச்சாலும் அசையலையே. இந்த மாதிரி எங்கயும் பாத்ததில்ல!”

முதல் பரிசு அந்தப் படத்துக்குத்தான். ஷியோசாகிக்குச் சாக்கடை தப்பியது. பதவி உயர்வும் வந்தது. பிரிவின் பெயரைப் ‘பட்ட மரங்கள் மேம்பாட்டுப் பிரிவு’ என்று மாற்றினார்கள்.

நேற்று மறுபடியும் சுற்றறிக்கை அட்டை வந்தது. பனிக்காலத்தில் யார் யார் எந்தக் கிழமை தண்ணீரில் நிற்பது என்று போட்டிருந்தார்கள். எனக்குச் செவ்வாய். இதென்ன அநியாயம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு முத்திரை கண்ணில் பட்டது.

நானும் வைத்தேன், கொஞ்சம் சாய்த்து.