பியானோவும் உயர்ந்துகொண்டே போன தெருவும்

கோபப்படுவதற்கென்று அரசாங்கம் ஒரு பதவியை உண்டாக்கியிருந்தால், திண்டுக்கல் மாவட்டத்தில் அதை ஓய்வு வயதுக்குப் பிறகும் விடாமல் வகித்திருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் மோப்ப மாஸ்டர்தான். இரண்டாம் இடம் எனக்கு. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கோபம் முறையான பயிற்சியால் வந்தது. அவருடையது பிறவியிலேயே வந்தது.

நாகல் நகரில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பியானோ. கொடைக்கானல் பங்களா ஒன்றிலிருந்து லாரியில் வந்து இறங்கிய கறுப்புப் பெட்டி. பாடம் படிக்க வரும் பிள்ளைகள் அதைத் தொடுமுன் வாசலில் நின்று கையை நீட்ட வேண்டும். மாஸ்டர் ஒவ்வொரு விரலாக முகர்ந்து பார்ப்பார். பெயர் வந்த காரணம் இதுதான்.

“ஏலே, காலையில என்ன வெஞ்சனம்? கருவாடா?”

“சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் மாஸ்டர்.”

“கருவாட்டைக் கழுவுனியா, கையைக் கழுவுனியா? போ, மறுக்கக் கழுவு.”

ஞாயிறு மதியம் பிரியாணியில் இறங்கிய விரல்களுக்குத் திங்கள் மாலை வரை அனுமதி கிடையாது. பியானோவின் மேல் எதையும் வைக்கக் கூடாது என்பது அடுத்த சட்டம். ஒரு தகப்பனார் ஹெல்மெட்டை வைத்தார். அது நடுத்தெருவில் கிடந்தது. மாஸ்டரின் மனைவி மாதா சுரூபத்தை வைத்தபோது, அதை மரியாதையாக இரு கையாலும் எடுத்து ஸ்டூலுக்கு மாற்றினார். “மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. கம்பி கோவிச்சுக்கும்.”

பதிவு செய்த இசை என்றாலே அவருக்கு ஆகாது. என் மருமகன் வீட்டு வரவேற்பில் ஓர் இசைக்குழு பாடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் நேராக மேடையேறி டிரம்ஸ் வாசித்தவனிடம் கேட்டார்:

“அப்பு, நீ குச்சியை ஓங்கும்போதே சத்தம் வந்துருதே, எப்பிடி?”

இவர் குனிந்து பென்டிரைவைப் பிடுங்கினார். குழுவில் பத்துப் பேர் இருந்தும் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. “இப்ப வாசிங்கடா. தப்பா வாசிச்சாலும் பரவால்ல, நீங்க வாசிங்க” என்றார். என் சம்பந்தி அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். விருந்து உண்ணாமல் திண்டுக்கல் கல்யாணத்திலிருந்து வெளியேறிய முதல் மனிதரும் அவராகத்தான் இருப்பார்.

மறுநாளே, விடியற்காலையில் பியானோ வாசிக்கிறார் என்று காவல் நிலையத்துக்கு மனு எழுதினேன். நகலை வாங்கிப் படித்துவிட்டு மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். “மொதப் பக்கம் அருமை சூப்பிரண்டு சார். ரெண்டாம் பக்கத்துல வேகம் கொறைஞ்சிருச்சு.”

இப்படி இருந்த எங்களை ஒன்றுசேர்த்தது தெருதான். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும் என்பது விதி. விதியைப் படிக்காமலே ஒப்பந்தம் எடுக்கிற மேதைகள், தோசைமேல் தோசை ஊற்றுவதுபோல் ரோட்டின் மேல் ரோட்டைப் போட்டார்கள். முன்பு இரண்டு படி ஏறிப்போன மாஸ்டர் வீடு தெருவோடு சமமாகிவிட்டது. இன்னொரு அடுக்கு விழுந்தால் அடுத்த மழை பியானோவின் காலடியில்தான் நிற்கும். பலகை ஊதி, கம்பி துருப்பிடித்துவிட்டால், அப்புறம் அது துணி அடுக்கத்தான் உதவும்.

“மாடிக்கு ஏத்திரலாமே மாஸ்டர்?”

“எங்க மாடிப்படி ஒங்க மனு மாதிரி நீளமில்ல சார். ரொம்பக் குறுகல்.”

பேனாவை எடுத்தேன். மாநகராட்சிக்கு ஐந்து மனு, ஐந்து நினைவூட்டுக் கடிதம். ஒருவழியாக உதவிப் பொறியாளர் பார்வையிட வந்தார். மாஸ்டரின் மனைவி தேநீர் கொடுத்தார். இரண்டு வாய் குடித்த பொறியாளர், பேச்சு மும்முரத்தில் கிளாஸைப் பியானோ மேல் வைத்தார்.

“எடுய்யா கிளாஸை! ஒன் மண்டையில வச்சா சும்மா இருப்பியா?”

வந்தவர் போய்விட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது.

“அஞ்சு மனு! ஒரு கிளாஸுக்காக எல்லாம் போச்சே மாஸ்டர்!”

“வட்டம் விழுந்துரும் சார்.”

“என்ன வட்டம்?”

“சூடு பட்டா பாலிஷுல வட்டம் விழும். அம்புட்டும் போயிரும்.”

அவரைத் திட்டிப் பயனில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: பக்கத்துத் தெருவில் சுரண்டி எடுத்ததாகக் கணக்குக் காட்டிய பழைய சாலையை எந்த இடத்தில் கொட்டினீர்கள்? சுரண்டியிருந்தால்தானே கொட்டுவதற்கு? பதில் வரவில்லை. இரண்டே வாரத்தில் சுரண்டும் இயந்திரம் எங்கள் தெருவுக்கு வந்தது.

நான் மாலை போடாத குறையாக வரவேற்றேன். இயந்திரம் உறுமியது. மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அதன் முன்னால் நின்றார்.

“நிப்பாட்டுறா! வீடு நடுங்குது! சுருதி எறங்கிரும்!”

என் பணிக்காலம் முழுவதும் அடக்கிவைத்த கோபம் அன்றைக்கு வெளியே வந்தது. “யோவ் மாஸ்டர்! ஒனக்குத் தண்ணி வேணுமா, நடுக்கம் வேணுமா? ஒண்ணைச் சொல்லித் தொலை! சுருதியை நீ திரும்ப ஏத்திக்கலாம். ஊதுன பலகையை எவன் இறக்குவான்?”

தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். எட்டிப் பார்த்தேன். பியானோவுக்குப் போர்வைகளைச் சுற்றி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார். நடைமுறைப்படி அதில் எனக்கு எந்த வேலையும் இல்லை. இருந்தாலும் போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இயந்திரம் தெருமுனையைத் தாண்டும்வரை அப்படியே நின்றோம். அதன்பின் நாலு நாள் அவர் ஒவ்வொரு கம்பியாக முறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் என்னைத் திட்டியது சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் சிறுமலைப் பக்கம் கறுத்தது. மழை கொட்டியதும் அவர் வீட்டுக்கு ஓடினேன். தண்ணீர் ஏற ஏற வாசலில் நின்று இருவரும் அதைத் திட்டினோம். வாசற்படிக்கு இரண்டு விரற்கடை கீழே அது நின்றது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

“ஈரக் காத்துல ரெண்டு கட்டை ஒட்டுது. ஒங்க மனு ஒரு மாசம் முந்தியே போயிருக்கணும்” என்று முறைத்தார். பிறகு ஸ்டூலிலிருந்த மாதாவை ஜன்னல் திட்டுக்கு மாற்றிவிட்டு, ஸ்டூலை எனக்கு நகர்த்தினார். “செத்த நேரம் உக்காருங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டா பாதிதான் கேக்கும்.”

வாசித்தார். நடுவில் தெரியாமல் இருமிவிட்டேன். சட்டென்று நிறுத்தினார். என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்.

மழை விட்டது. தண்ணீர் வடிந்தது. வெளியே ஆட்டோக்கள் ஓட ஆரம்பித்தன. பாட்டு முடியப்போகிற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது; நான் இன்னொரு முறை இருமினேன்.