எனோஸின் இரும்புத் தொப்பி

உலகப்போர் நடந்த கொக்கோடா மலைப்பாதையைச் சுற்றிப் பார்க்க நடந்து வரும் வெள்ளைக்காரக் கூட்டம் மேட்டில் தலைகாட்டிவிட்டது. எனோஸின் விடுதி வாசலில் ‘உலகப்போரில் குண்டு துளைத்த அசல் இரும்புத் தொப்பி இங்கே’ என்று பலகை தொங்கியது. தொப்பியைத்தான் காணோம்.

அது போன மாதமே மச்சான் வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த ஊரில் அவனும் விடுதி வைத்திருக்கிறான். கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள் என்றான். பெண்டாட்டியின் தம்பி கேட்டு இல்லையென்று சொன்னவன் அந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை. அவன் பெயரைச் சொல்வதே மரியாதைக் குறைவு. நாமும் சொல்ல வேண்டாம்.

கூட்டத்தை நடத்தி வரும் ஜோன் அம்மாள், அடுத்த பருவம் முழுக்கத் தன் ஆட்களை எனோஸிடம் தங்க வைப்பதா, எதிர்வீட்டு மானோவாவிடமா என்று இன்று முடிவு செய்யப் போகிறாள். மானோவாவிடம் பளபளவென்று தகரக்கூரை இருக்கிறது. எனோஸிடம் இருந்ததே அந்தத் தொப்பிதான்.

எனோஸ் அடுக்களைக்குள் பாய்ந்தான். அங்கே அவன் அத்தை, எப்போது சாப்பாடு என்று கேட்டபடி அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடி உடைந்த இரும்புச் சட்டி ஒன்று கண்ணில் பட்டது. தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். உளியை வைத்து ஓர் அடி. குண்டு பாய்ந்த ஓட்டை தயார். சேற்றையும் கரியையும் அப்பிக் கூடத்தில் கவிழ்த்து வைத்தான்.

ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வந்த அவன் பெண்டாட்டி டோர்கஸ், அடுப்பைப் பார்த்தாள்; பிறகு கூடத்தைப் பார்த்தாள்.

"என் சட்டிய என்ன பண்ணி வச்சிருக்க?"

"மெதுவா பேசு, வாசலுக்கு வந்துட்டாங்க. அது இப்ப தொப்பி."

"வீட்ல இருக்கறதே ஒரு சட்டி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பொழுது சாஞ்சா நம்ம சபைக்கு ஓய்வுநாள், அடுப்பத் தொடக்கூடாது. ஆறு பேருக்கு எதுல வேக வைக்கறது? உன் தலையிலயா?"

எனோஸ் மானோவாவிடம் சட்டி கேட்டு ஓடினான். மானோவா சிரித்த முகமாகவே பதில் சொன்னான். சட்டியெல்லாம் எதற்கு, விருந்தாளிகளையே அனுப்பிவிடு, சாப்பிட்டு இங்கேயே படுத்துக்கொள்ளட்டும் என்றான். எனோஸ் வெறுங்கையோடு திரும்பி வருவதற்குள் வெயில் மலை முகட்டுக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் கிழங்கையெல்லாம் தணலில் கொட்டினார்கள். பாதி வெந்தது, பாதி கரிந்தது. பொழுதும் சாய்ந்தது.

விருந்தாளிகளோ மூக்கெல்லாம் சாம்பலாக, இவ்வளவு ருசியாக எங்கேயும் சாப்பிட்டதில்லை என்று அடித்துக்கொண்டு தின்றார்கள். பல் இல்லாத அத்தைக்குத்தான் கரிந்த கிழங்கு இறங்கவில்லை. ஜோன் அம்மாள் தொப்பியைத் தொட்டுக் கண்கலங்கினாள். எனோஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு வாசல்வரைதான் போனது. அங்கே மச்சான் நின்றிருந்தான்.

"கூட்டம் உங்க வீட்டுக்குத்தான் போகுதுன்னு சுமைக்காரங்க சொன்னாங்க மச்சான். பலகைய மாட்டிட்டு நீங்க அசிங்கப்படலாமா? மலையேறி ஓடியே வந்தேன்" என்றவன், தோள்பையிலிருந்து பழைய தொப்பியை எடுத்து எல்லோருக்கும் நடுவில் வைத்தான்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனோஸுக்கு. ஜோன் அம்மாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தடவினாள். ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்தாள், கச்சிதமாகப் பொருந்தியது.

"அதே அளவு, அதே இடத்தில் ஓட்டை. ஒரே படையில் தோளோடு தோள் நின்றவர்களாக இருக்க வேண்டும்" என்று நெகிழ்ந்துபோய், அடுத்த பருவம் முழுக்க இங்கேதான் தங்கல் என்று எனோஸின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள். டோர்கஸ் சட்டியை மறந்து சிரித்தாள். எனோஸ் மச்சானைக் கட்டிக்கொண்டான்.

எல்லாம் அடங்கி விருந்தாளிகள் படுக்கப் போனதும், எனோஸ் இரண்டு தொப்பிகளையும் எடுத்துப் பார்த்தான். எப்படித்தான் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதோ என்று வாய்விட்டே வியந்தான்.

"பொருந்தாம என்னடா பண்ணும்? ரெண்டும் உங்கம்மா வாங்கின ஜோடிச் சட்டிதானே" என்றாள் அத்தை. "அதுல ஒண்ணுல உங்கப்பன் ஓட்ட போட்டுத் தொப்பி ஆக்கினான் பாரு, அன்னிக்கும் வெள்ளிக்கிழமைதான். அன்னிக்கும் எனக்குப் பட்டினிதான்."