லயத்தில் இல்லாத பெயர்

ஹில்டாவும் போய்விட்டது. புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்த துரைசிங்கம், பிறந்து எட்டு நாளான தன் மூன்றாவது மகளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த பெயர் அது. கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் சோமு அலுவலக வாசலில் நின்று பல்லைக் காட்டினார்.

"ஐயா, இல்டா நல்ல பேருங்க. எம் மச்சான் பிள்ளைக்கு வச்சிட்டோம்லா."

"அர்த்தம் தெரியுமோ உனக்கு? பழைய ஜெர்மன் பாஷையில சண்டை எண்டு அர்த்தம்."

"அப்ப யூனியனுக்கு ஆவுங்க."

துரைசிங்கத்துக்கு இது மூன்றாவது அடி. மூத்தவளுக்கு விமலாதேவி என்று வைத்தார்; ஆறே மாதத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் நாலு விமலாதேவி. இரண்டாமவளுக்கு வாகீஸ்வரி. இந்த வாய்களில் அது நுழையாது என்று நம்பினார். நுழைந்தது. மூன்று பிள்ளைகளும் ஓர் ஆடும் அந்தப் பெயரில் திரிந்தன. கிராணி வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டால் லயமே திரும்பிப் பார்க்கும் என்றால், அப்புறம் கிராணி எதற்கு, லயம் எதற்கு?

அதனால்தான் கோலாலம்பூர் வரை போய், பழைய ஜெர்மானியப் பெண் பெயர்களுக்கு மூலமும் பொருளும் சொல்லும் புத்தகம் ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

"நீர்தான் ஆருக்கோ சொல்லியிருக்கிறீர்" என்று மனைவி நவமணி மேல் பாய்ந்தார்.

"பிள்ளையைக் குளிப்பாட்ட வாற தாயம்மாவிட்ட வாய் தவறிட்டுது. ஒரு பேருக்கு இவ்வளவு கோவமே?"

அவர் புத்தகத்தை விரித்தார். தாளில் கோடு போட்டுப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். கெர்ட்ரூட்: ஈட்டி, வலிமை. மடில்டா: வலிமை, போர். புரூன்ஹில்டா: கவசம், போர். ஹெட்விக்: போர், மறுபாதியும் போர்தான்.

"இந்த ஜெர்மன் சனம் பொம்பிளைப் பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்டுறதில்லையோ? நேரே பட்டாளத்துக்கோ அனுப்புறவை?" என்று முணுமுணுத்தார்.

மடில்டாவைத் தேர்ந்தெடுத்து, உச்சரிப்பு படிய அலுவலகத்தில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். தட்டச்சு செய்யும் அழகேசனுக்குக் காது இருப்பதை மறந்துவிட்டார். இரண்டு நாளில் லயத்தில் இரண்டு மடில்டா. ஒருத்திக்கு ஏற்கெனவே மூன்று வயது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் கர்ப்பிணிகள் வரிசை.

"ஈட்டி போட்ட பேரு ஒண்ணு இருக்காமேங்கய்யா" என்றாள் காளியம்மா. "எனக்கு அதுதான் வேணும். எம் புருசன் குடிக்கிறாரு."

அவர் கதவைச் சாத்தினார். பிறப்பைப் பதிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அன்று மாலை நவமணியே ஒன்று சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, ஹில்டெகார்ட் எண்டு வைப்பமே?"

துரைசிங்கம் பக்கம் புரட்டினார். இருந்தது. போர், காவல். பலாப்பழம் மாதிரிப் பெயர்; எந்த வாயிலும் அடங்காது.

"நீரும் புத்தகம் பார்க்கிறீரோ?" கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன முதல் பாராட்டு. நவமணி பிள்ளைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் குவாலா சிலாங்கூர் போய்ப் பதிந்துவிட்டு, பத்திரத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இனி ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

முப்பத்தோராம் நாள் பெயர் சூட்டல். லயத்துச் சனம் கேட்டு வாய் பிளக்கட்டும் என்றே எல்லோரையும் அழைத்திருந்தார். பிள்ளையின் காதில் சொல்ல வேண்டியதைப் பந்தல் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஹில்டெகார்ட்."

"என்னங்க?" என்று ஒரு குரல் வந்தது. பின்வரிசையிலிருந்து ஆறு வயதுப் பெண் ஒருத்தி மூக்கைத் துடைத்தபடி எழுந்து நின்றாள். போன மாதம்தான் சுங்கை பெசார் பக்கமிருந்து வேலைக்கு வந்த நல்லம்மாள், அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எம் பொண்ணுதாங்கய்யா. பிரசவம் பார்த்த ஜெர்மன் நர்ஸம்மா பேரை வச்சோம். நல்லாருக்கே, எங்க பிள்ளைக்கும் வச்சுக்கலாமான்னு நம்ம கிராணியம்மா கேட்டாங்க. தாராளமா வச்சுக்கங்கன்னுட்டேன், நாங்க அதெல்லாம் பாக்குறதில்லைங்க."